600 டிகிரியில் மாறியது எது? துத்தநாக ஆக்சைடு மென்படலங்களைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில் நடந்தது இது. முனைவர் பட்ட மாணவி ஒருவர் புற ஊதாக் கதிரை உணரும் சிறு சென்சார் ஒன்றுக்காகத் துத்தநாக ஆக்சைடு மென்படலம் போட்டுக்கொண்டிருந்தார். துறையின் கருவி ஆய்வகத்தைக் கவனிப்பவன் என்ற முறையில் அளவீடுகளுக்கு நான் உடனிருந்தேன். ஆய்வு அவருடையது, வழிகாட்டி வேறொரு பேராசிரியர்.

நம் ஊர்த் துறைகளில் துத்தநாக ஆக்சைடை விரும்பி எடுப்பதற்குக் காரணம் உண்டு. மூலப்பொருள் மலிவு. வெற்றிட அறை இல்லாமலே படலம் போடலாம். அறை வெப்பநிலையில் இதன் ஆற்றல் இடைவெளி (பிணைப்பிலிருக்கும் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 3.37 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு ஏறத்தாழ 370 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதாவை மட்டும் பிடித்துக்கொள்ளும். சென்சாருக்கு வேண்டியதும் அதுதான்.

தயாரித்தது, கரைசலிலிருந்தே படலம் உருவாக்கும் சோல்-ஜெல் முறையில். ஜிங்க் அசிட்டேட் டைஹைட்ரேட்டை 2-மெத்தாக்ஸி எத்தனாலில் போட்டு, துத்தநாகத்துக்குச் சம மோல் அளவில் மோனோ எத்தனால் அமீன் சேர்த்து, 60 டிகிரியில் கரைசல் தெளியும்வரை கலக்குவது. செறிவு 0.5 மோலார், அதாவது 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் அசிட்டேட். மறுநாள் அதைச் சாதாரண மைக்ராஸ்கோப் ஸ்லைடில் விட்டு நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 30 வினாடி சுழற்றி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஹாட் பிளேட்டில் 250 டிகிரியில் உலர்த்தினார். பூச்சின் மேல் பூச்சாகப் போட்டுத் தடிமன் 200 நானோமீட்டரை ஒட்டி வந்ததும் ஸ்லைடுகளை மஃபிள் உலையில் வைத்தார். 300, 400, 500, 600 டிகிரி என நான்கு தொகுதி. ஒவ்வொன்றும் காற்றில் ஒரு மணி நேரம்.

இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் அனீலிங் என்கிறோம். படலத்தில் சிறு சிறு படிக மணிகள் ஒழுங்கற்றுக் கிடக்கும். வெப்பம் கொடுத்தால் அணுக்கள் இடம்பெயர்ந்து ஒழுங்காக அமரும், பக்கத்து மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும், கரைசலிலிருந்து தங்கிய கரிமப் பொருள் எரிந்து போகும். ஆனால் அதே வெப்பத்தில் காற்றின் ஆக்சிஜனும் அடியிலுள்ள கண்ணாடியும் படலத்தின்மேல் தங்கள் வேலையைச் செய்கின்றன. இந்த நிகழ்வில் குழப்பம் வந்தது அந்த இரண்டிலிருந்தும்தான்.

முதலில் கிடைத்த முடிவுகள்

300 டிகிரிப் படலம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் கண்ணாடியின் அகன்ற மேட்டுக்கு மேல் மங்கலான சில உச்சிகள், அவ்வளவுதான். ஏற்கெனவே 250 டிகிரியில் உலர்த்திய படலத்துக்கு 300 பெரிய வெப்பமல்ல என்பதால் அதை நீட்டிப் பேச எதுவும் இல்லை.

400இலிருந்து படிகம் தெளிவானது. 34.4 பாகையில் வரும் (002) உச்சி மற்ற உச்சிகளைவிட ஓங்கியது. அறுகோணப் படிகத்தின் நீள அச்சு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும் மணிகள் கூடியிருக்கின்றன என்று பொருள். 500 டிகிரியில் அந்த உச்சியின் அரை உயர அகலம் 0.30 பாகை. ஷெரர் சமன்பாட்டில் போட்டால் மணியின் அளவு 28 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். 600இல் உச்சி இன்னும் ஒடுங்கியது, ஆனால் இடதுபுறம் நகர்ந்து 34.33இல் நின்றது. படலமும் சற்றுப் புகை படிந்தாற்போல மங்கியிருந்தது.

வெள்ளி பேஸ்ட் பட்டை இரண்டை வைத்து எடுத்த மின்தடை, வெப்பநிலை கூடக்கூடக் குறைந்துகொண்டே போனது. மாணவியின் வரைவுக் கட்டுரையில் இவையெல்லாம் ஒரே இழையில் கோக்கப்பட்டிருந்தன: வெப்பநிலை கூடினால் மணி பெரிதாகிறது, மணி எல்லைகள் குறைகின்றன, எலக்ட்ரான் தடையின்றி ஓடுகிறது, எனவே மின்தடை குறைகிறது. 600இல் உச்சி நகர்ந்ததற்குப் படிகத்துக்குள் ஏற்பட்ட இழுவிசை காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. படிக்கும்போது நெருடாத விளக்கம்தான். வழிகாட்டியை நெருடியது அதுதான்.

“எல்லாமே ஒரே திசையில போகுதேம்மா. காத்துல வச்சுச் சூடுபண்ணின படலத்துக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறணும். இது எப்படி இறங்குது? டாக்டோரல் கமிட்டிக்கு முன்னாடி இன்னொரு தரம் எடுத்துப் பாத்துடு” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கலப்பில்லாத துத்தநாக ஆக்சைடு மின்சாரம் கடத்துவதே அதிலுள்ள குறைகளால்தான். இடைவெளிகளில் சிக்கிய துத்தநாகம், உள்ளே புகுந்த ஹைட்ரஜன் போன்றவை எலக்ட்ரான்களைத் தருகின்றன. ஹைட்ரஜன் இதில் எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும் கொடையாளியாக நிற்கும் என்று 2000இல் கிறிஸ் வான் டி வாலே கணக்கிட்டுக் காட்டினார். காற்றில் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறும், ஆக்சிஜன் குறைபாடு ஓரளவு நிரம்பும். மணி எல்லைகளில் ஒட்டிய ஆக்சிஜன் மூலக்கூறு எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றும் மின்தடையை ஏற்றுபவை.

மின்தடையைத் திரும்ப எடுத்தபோது

மறுபடி எடுத்த அளவு முதல் அளவோடு பொருந்தவில்லை. 500 டிகிரிப் படலம் ஒன்று காலையில் காட்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மாலையில் காட்டியது. வெள்ளி பேஸ்ட்டும் கம்பியும் மீட்டரும் அதேதான். மாணவி முதலில் பேஸ்ட்டைச் சந்தேகப்பட்டு அழித்துவிட்டுப் புதிதாகப் பூசினார். எண் அப்படியும் நிலைக்கவில்லை.

அவர் படலங்களை வைத்திருந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். பெட்ரி தட்டில் அடுக்கி, மேற்கு ஜன்னலோர மேசையில் வைத்திருந்தார். தூசு படாமலிருக்க மேலே கண்ணாடி மூடி. மதியத்துக்கு மேல் வெயில் நேராக அந்த மேசையில் விழும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாவின் குறுகிய அலைகளைத் தடுத்தாலும் 350 நானோமீட்டருக்கு மேலுள்ளதைப் பெருமளவு விட்டுவிடும். துத்தநாக ஆக்சைடு விழித்துக்கொள்ள அது போதும்.

ஒளி பட்டதும் படலத்தில் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் பிறக்கின்றன. துளை மேற்பரப்புக்கு வந்து, அங்கே எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆக்சிஜனின் மின்னூட்டத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் கழன்று காற்றோடு போகிறது. இணையற்றுப் போன எலக்ட்ரான் படலத்திலேயே தங்குகிறது. வெளிச்சத்தை எடுத்த பிறகும் ஆக்சிஜன் திரும்ப ஒட்டும்வரை அந்த எலக்ட்ரான் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மணிக்கணக்கில், சில படலங்களில் நாள்கணக்கில் ஆகும். வெயிலில் இருந்த ஸ்லைடை எடுத்து வந்து உடனே மீட்டரில் மாட்டினால், நாம் அளப்பது அனீலிங் தந்த மின்தடையை அல்ல, அன்றைய மதிய வெயில் விட்டுச்சென்ற மின்தடையை.

இதைச் சோதிக்கத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பெரிய தகர பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, பக்கவாட்டில் இரண்டு துளையிட்டுக் கம்பியை விட்டு, துளைகளைக் கறுப்பு டேப்பால் அடைத்தோம். டப்பாவை எர்த் செய்ததால் வெளி இரைச்சலும் அடங்கியது. படலத்தை முந்தின மாலையே உள்ளே வைத்து மூடி, மறுநாள் காலை திறக்காமலே மின்னழுத்தம் கொடுத்து, மின்னோட்டம் நிலைத்த பிறகு எண்ணைக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். நான்கு தொகுதியையும் இந்த ஒழுங்கில் எடுத்தபோது வரைபடம் தலைகீழானது. 400இலிருந்து மேலே போகப்போக மின்தடை ஏறியது. 300 டிகிரிப் படலத்தின் மின்தடையும் அதிகம்தான், ஆனால் அங்கே காரணம் மணிகள் சரியாக உருவாகாததும் எரியாமல் தங்கிய கரிமமும்.

அப்படியானால் முதல் தடவை ஒழுங்காக இறங்கிய வரைபடம் எப்படி வந்தது? படிகத் தரம் கூடிய படலங்களில் ஒளியின் விளைவு வலுவாக இருந்தது. பிறந்த எலக்ட்ரானும் துளையும் உடனே சேர்ந்து மடிவதற்கான குறைகள் அவற்றில் குறைவு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வெயிலில் வைத்தால், அதிக வெப்பம் கண்ட படலத்தின் மின்தடையே அதிகமாக விழும். தவறான அளவும் சீரான கோடாக வரக்கூடும் என்பதால் இதை விரித்து எழுதுகிறேன். எண்கள் தாறுமாறாக வந்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும்.

உச்சி நகர்ந்ததா, ஸ்லைடு தொய்ந்ததா

அடுத்து 34.33 பாகை. வரைவின்படி படிகத்தின் நீள அச்சு 5.207 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 5.220க்கு நீண்டிருக்க வேண்டும். கால் சதவீத நீட்சி என்பது மென்படலத்தில் நடக்கவே முடியாத ஒன்றல்ல. ஆனால் 600 டிகிரி ஸ்லைடைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தபோது ஓரமாக வைத்த இரும்பு ஸ்கேலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பணிமனையிலிருந்து ஃபீலர் கேஜ் வாங்கி வந்தோம். பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பாரே, அதே தகட்டுக் கொத்து. 0.20 மில்லிமீட்டர் தகடு நடுவில் நுழைந்தது.

மைக்ராஸ்கோப் ஸ்லைடு சோடா-லைம் கண்ணாடியால் ஆனது. 510 டிகிரியை ஒட்டி அதன் உள் இறுக்கம் தளரத் தொடங்கும், 545க்குப் பக்கத்தில் நிமிடக்கணக்கில் தளர்ந்துவிடும். 600இல் அது தன் எடைக்கே மெல்ல வளையும். மாணவி பாதியாக வெட்டிய ஸ்லைடை இரண்டு பீங்கான் துண்டுகளின் மேல் பாலம்போல வைத்திருந்தார். நடுப்பகுதி தொய்ந்ததில் வியப்பில்லை.

எக்ஸ்ஆர்டி கருவியில் மாதிரியின் மேற்பரப்பு குவியத் தளத்துக்குக் கீழே இறங்கினால் எல்லா உச்சிகளும் சிறிய கோணத்துக்கு நகரும். எங்கள் கருவியில் வட்ட ஆரம் 240 மில்லிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் இறக்கத்துக்குக் கணக்குப் போட்டால் 34 பாகைக்குப் பக்கத்தில் நகர்வு 0.09 பாகை வருகிறது. பார்த்த நகர்வும் அதேதான். எண் பொருந்திவிட்டது என்பதற்காக அதோடு நிறுத்தவில்லை. படலத்தின் மேல் சிறிது சிலிக்கான் தூளைத் தூவி மறுபடி ஓட்டினோம். 28.44இல் நிற்க வேண்டிய சிலிக்கானின் (111) உச்சியும் 28.35இல் வந்தது. உலைக்குள்ளேயே போகாத தூள் அது. அதற்கு இழுவிசை ஏது? கட்டுரையிலிருந்து இழுவிசைப் பத்தி முழுவதும் எடுக்கப்பட்டது.

ஆற்றல் இடைவெளிப் பத்தியும் சுருங்கியது. 3.28, 3.26 என இரண்டாம் தசம இடத்தில் வந்த வேறுபாடுகளுக்குத் தனித்தனி விளக்கம் எழுதப்பட்டிருந்தது. 380 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நானோமீட்டர் பிசகினாலே 0.009 எலக்ட்ரான் வோல்ட் மாறிவிடும். ஆற்றல் இடைவெளியைக் கணிக்கப் போடும் டாக் வரைபடத்தில் நேர்கோட்டை எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தும் இந்த எண் ஆடும். படலங்களுக்கிடையே அளவீட்டுப் பிசகை மீறிய வேறுபாடு இல்லை என்று எழுதச் சொன்னோம்.

கண்ணாடியிலிருந்து வந்த சோடியம்

கறுப்புப் பெட்டி அளவீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. 500இலிருந்து 600க்குப் போகும்போது மின்தடை அளவுக்கு மீறி எகிறியது. காற்றின் ஆக்சிஜன் மட்டும் இவ்வளவு செய்யுமா என்ற கேள்விக்காக, அதே கரைசலில் அதே உலையில் குவார்ட்ஸ் துண்டுகளிலும் படலம் போட்டோம். குவார்ட்ஸ் விலை அதிகம் என்பதால் துண்டுகள் குறைவு. அதில் 600 டிகிரிப் படலம் மங்கவில்லை, தொய்யவில்லை. மின்தடை ஏறியது, ஆனால் ஸ்லைடில் ஏறிய அளவுக்கு இல்லை.

சோடா-லைம் கண்ணாடியில் ஏறத்தாழ 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. சூட்டில் சோடியம் அயனி எளிதாக நகரும். துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தால் எலக்ட்ரானை ஏற்கும் அணுவாகி, இருக்கும் எலக்ட்ரான்களைத் தின்னும். சந்தேகம் இது. நிரூபிப்பது எப்படி?

மாணவி முதலில் எடுத்தது எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) கருவியோடு இணைந்த, வெளிவரும் எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களைக் காட்டும் இடிஎஸ் அளவீடு. அதன் அறிக்கையில் சோடியம் இல்லை என்று வந்தது. அந்தப் பதிலை நம்பக் கூடாது என்று நான் சொன்னேன். சோடியத்தின் எக்ஸ் கதிர் 1.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், துத்தநாகத்தின் எல் வரிசைக் கதிர் 1.01இல் வரும். இடிஎஸ்ஸின் பிரிதிறனுக்கு இரண்டும் ஒரே உச்சிதான். படலம் முழுக்கத் துத்தநாகமாக இருக்கும்போது மென்பொருள் அந்த உச்சியைத் துத்தநாகத்தின் கணக்கில் எழுதிவிடும். வெளி நிறுவனம் ஒன்றுக்கு எக்ஸ்பிஎஸ் அளவீட்டுக்கு (எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை வைத்துத் தனிமத்தை இனம் காணும் முறை) அனுப்பினோம். ஸ்லைடில் போட்ட 600 டிகிரிப் படலத்தில் 1072 எலக்ட்ரான் வோல்ட்டில் சோடியத்தின் உச்சி தெளிவாக இருந்தது. குவார்ட்ஸ் படலத்தில் இல்லை.

எக்ஸ்பிஎஸ் மேற்பரப்பின் சில நானோமீட்டரைத்தான் பார்க்கும். ஆகவே சோடியம் படலத்தைத் துளைத்து மேலே வந்திருக்கிறது என்பதுவரை உறுதி. மின்தடை எகிறியதில் அதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த அளவீடு போதாது. கட்டுரையிலும் அப்படியே எழுதப்பட்டது.

உலை காட்டிய எண்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலையின் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் பின்சுவரில் இருக்கிறது, ஸ்லைடுகளோ கதவோரத்தில் இருந்தன. தனியாக ஒரு கே வகைத் தெர்மோகப்பிளை ஸ்லைடின் பக்கத்தில் வைத்தபோது, உலையின் பலகை 500 காட்டிய நேரத்தில் அது சுமார் 30 டிகிரி குறைவாகக் காட்டியது. நடுவில் வைத்தால் வேறுபாடு பெருமளவு மறைந்தது. படலத்தில் தெரிந்த சில கீறல்களுக்கும் காரணம் உலையில்தான் இருந்தது. வேறொருவருக்கு உலை தேவைப்பட்டதால் 200 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே கதவைத் திறந்திருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகள்

சென்சாருக்கு எந்தப் படலம் என்ற கேள்விக்கு முதல் வரைவின் விடை 600. இப்போது அந்தத் தொகுதி விலக்கப்பட்டது. மின்தடை அதிகம் என்பது அதற்குக் காரணமல்ல. புற ஊதா சென்சாருக்கு இருட்டில் மின்தடை கூடுதலாக இருப்பது நல்லதே, ஒளி பட்டால் தெரியும் வேறுபாடு பெரிதாகும். ஆனால் கண்ணாடியிலிருந்து கட்டுப்பாடில்லாமல் வரும் ஒரு தனிமத்தை நம்பி சென்சார் செய்ய முடியாது. ஒரு பெட்டி ஸ்லைடுக்கும் அடுத்த பெட்டிக்கும் அது மாறும்.

500உம் கண்ணாடி தளரும் எல்லைக்கு மிக அருகில். எனவே ஸ்லைடில் 450 டிகிரி, நேரம் இரண்டு மணி என்று மாற்றினோம். 400க்கும் 500க்கும் நடுவில் படிகம் நன்றாகவே தேறியிருந்ததால், வெப்பநிலையில் விட்டதை நேரத்தில் ஓரளவு ஈடுகட்டலாம் என்பது எண்ணம். வழிகாட்டிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. குவார்ட்ஸில் 600 வைத்தால் மணி இன்னும் பெரிதாகுமே என்றார். மலிவான சென்சார் என்பதே ஆய்வின் நோக்கம் என்று மாணவி எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். மாணவி சொன்னது சரியான வாதம் என்றே நானும் நினைக்கிறேன்.

ஹைட்ரஜன் 5 சதவீதம் கலந்த நைட்ரஜனில் 400 டிகிரி சூடாக்கிய ஒரு படலமும் வேறு ஆய்வகத்தில் செய்து வாங்கப்பட்டது. அதன் மின்தடை காற்றில் சூடாக்கிய படலத்தைவிடப் பல நூறு மடங்கு குறைந்திருந்தது. ஒளிபுகும் மின்முனை வேண்டுபவர்களுக்கு அது பாதை. இந்த சென்சாருக்கு அல்ல. ஒப்பீட்டுக்காக மட்டும் கட்டுரையில் சேர்ந்தது.

பின்னர் நடந்தது

450 டிகிரித் தொகுதியில் (002) உச்சி 34.42இல் நின்றது. அகலம் 500 டிகிரித் தொகுதியோடு ஏறத்தாழ ஒன்று. ஸ்லைடுகள் தட்டையாக இருந்தன. கறுப்புப் பெட்டியில் ஒரே தொகுதியின் படலங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்களைக் கொடுத்தன, முன்பு அது நடக்கவே இல்லை. 365 நானோமீட்டர் எல்இடி வெளிச்சத்தில் மின்னோட்டம் வேகமாக ஏறியது. வெளிச்சத்தை அணைத்தபின் இறங்குவதுதான் மிக மெதுவாக இருந்தது, அந்தச் சிக்கல் தீரவில்லை. சென்சார் என்று சொல்லிக்கொள்ள அதுவும் தீர வேண்டும்.

டாக்டோரல் கமிட்டியில் ஒருவர், முதல் வரைவின் வரைபடமும் இரண்டாவதும் ஏன் எதிரெதிராக இருக்கின்றன என்று கேட்டார். மாணவி இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஜன்னலோர மேசையிலிருந்து தொடங்கி விளக்கினார். கேள்விகள் நீண்டன, ஆனால் ஆய்வு தொடர அனுமதி கிடைத்தது.

மாற்ற வேண்டியவை

படலங்கள் இனி தகர டப்பாவில்தான் இருக்கும். மின்தடை எழுதும் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருட்டில் இருந்த நேரமும் அறையின் ஈரப்பதமும் எழுதப்படுகின்றன. தண்ணீர் மூலக்கூறும் இந்த மேற்பரப்பில் ஒட்டும் என்பதால் மழைக்கால எண்ணையும் கோடைக்கால எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது. உலைக்குள் தட்டையான அலுமினா ஓட்டின் மேல் ஸ்லைடு முழுவதும் படியும்படி வைக்கிறார்கள். கதவு 80 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே திறக்கப்படுகிறது, அதற்காக உலை முன்பதிவு நோட்டில் குளிரும் நேரத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்திருக்கிறது.

தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது, ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு குவார்ட்ஸ் துண்டைச் சேர்த்து வைப்பது. நான்கே துண்டு போதும், செலவு தாங்கக்கூடியது. படலத்தில் நடந்ததையும் கண்ணாடியில் நடந்ததையும் அது முதல் நாளே பிரித்துக் காட்டியிருக்கும். சோடியம் நகர்வதைத் தடுக்க ஸ்லைடுக்கும் படலத்துக்கும் நடுவில் மெல்லிய சிலிக்கா பூச்சு போடலாம் என்ற யோசனை இருக்கிறது. டெட்ரா எத்தில் ஆர்த்தோ சிலிக்கேட்டை வைத்து அதையும் சோல்-ஜெல்லிலேயே செய்யலாம். அடுத்த பருவத்தில் வரும் முதுகலை மாணவர் ஒருவருக்கு அந்த வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது.